பெட்ரோல் மூடிக்குத் திருமண் காப்பு

திருப்பதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைச் சாமி என்றுதான் கூப்பிட்டோம். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. கீழே அவர் தனியாக இருந்தார், மாடியில் நானும் என் மனைவியும். ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் காலமெல்லாம் பிரபந்தம் சேவித்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் வீட்டோடு இருந்துவிட்ட மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடமாட்டார். ஒரே ஒரு பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. தன் பொறுப்பில் இருப்பதாக அவர் நினைக்கிற எந்தப் பொருளுக்கும் நாமம் இடாமல் அவரால் இருக்க முடியாது.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு, இடது உள்ளங்கையில் திருமண்ணைக் குழைத்துக்கொண்டு புறப்படுவார். நிலைக்கதவில் தொடங்கி ஃபிரிட்ஜ், கிரைண்டர், தண்ணீர் மோட்டார், இன்வர்ட்டர் என்று வரிசையாகப் போய், மாடிப்படிக்குக் கீழே மாட்டியிருந்த வைஃபை பெட்டி வரைக்கும் வருவார். வெள்ளைக் கோடு இரண்டு, கீழே அவற்றைத் தாங்குகிற பாதம், நடுவில் மெல்லிய குச்சியால் சிவப்பாக ஸ்ரீசூர்ணம். இட்டு முடித்ததும் ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்ப்பார். பிறகு, "இட்டாச்சு. இனிமே அவன் பாத்துப்பான்" என்பார். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் சொல்வார்.

அவன் பார்த்துக்கொண்டானா என்று கேட்டால், அதைச் சாமியிடம்தான் கேட்க வேண்டும். தண்ணீர் மோட்டார் ஒருமுறை காயில் எரிந்து புகைந்தது. "எரியணும்னு இருந்தது, மோட்டாரோட போச்சு பாரு. ஆத்துல வேற ஒண்ணும் எரியலை" என்று சொல்லி, புது மோட்டாருக்கும் மறுநாளே இட்டார். அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. அவர் வாதாடவே மாட்டார் என்பதுதான் அதற்குக் காரணம்.

கேஸ் சிலிண்டருக்கும் நாமம் உண்டு. காலியானால் சிலிண்டர்க்காரர் நாமத்தோடு தூக்கிப் போய்விடுவார். அந்தச் சிலிண்டர்கள் நிரம்பி ஊரெல்லாம் சுற்றின. ஒருநாள் பக்கத்துத் தெரு பாய் வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே வந்து, உங்க சாமி சிலிண்டர் எங்க வீட்டுக்கு வந்திருக்கு, இன்றைக்கு பிரியாணி அதில்தான் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். இதைச் சாமியிடம் சொல்லலாமா என்று நாங்கள் தயங்கினோம். கடைசியில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "நன்னா வெந்துதாமா?"

இப்படிப்பட்டவரைத்தான் நான் மோட்டார் சைக்கிளோடு சேர்த்துவிட்டேன்.

என் சொந்த ஊர் நகரி. வீட்டில் விசைத்தறி. துண்டும் வேட்டியும் நெய்கிற சொந்தக்காரர்களிடமிருந்து சரக்கு வாங்கித் திருப்பதிக் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். இயந்திரம் என்றால் எனக்குத் தெரிந்தது தறி ஒன்றுதான். அதுவும் நின்றுவிட்டால் நைனாவுக்கு போன் செய்வேன். அப்படிப்பட்டவன் சித்தூருக்கு வசூலுக்குப் போன இடத்தில், ஒரு மாங்காய் மண்டிக்குப் பின்னால் சாக்கு மூடி நின்றிருந்த பழைய மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். நான் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. டாங்க் செர்ரிப் பழ நிறம், மூடி பளபளவென்று குரோமியம். நாற்பது தாண்டிய ஆண்களில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு இது வரும். எனக்கு இரண்டும் ஒரே வருடத்தில் வந்தது.

விற்றவர் நல்லவர். "இன்ஜினைக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று அவரே மினி லாரி பிடித்து ஏற்றிக் கொடுத்தார். ஓடுகிற வண்டியை ஏன் லாரியில் ஏற்றுகிறார் என்ற சந்தேகம் எனக்கு வரவில்லை. வீட்டு வாசலில் இறக்கியதும் என் மனைவிக்கு வந்தது. "சாமி நாமம் போடறதுக்கு முன்னாலயே சித்தூர்க்காரன் உங்களுக்குப் போட்டுட்டான் போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் சுற்றி உடைத்தோம். சாமி தன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் திருமண் இல்லை. எனக்குக் காரணம் தெரியும். சில மாதங்களுக்கு முன் பெங்களூரிலிருந்து அவருடைய மகன் புதுக் கார் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சாமி உள்ளங்கையில் திருமண்ணைக் குழைத்துக்கொண்டு ஆசையாகக் கார் அருகே போனார். மகன் பானெட்டின் மேல் கையை வைத்து மறைத்து, "அப்பா, பெயிண்ட்" என்றார். கெட்ட பிள்ளை இல்லை, புதுக் காரின் மேல் உள்ள பயம். சாமி திரும்பிப் போய்க் குழாயடியில் கையைக் கழுவினார். கழுவி முடிந்த பிறகும் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு, தன் வீட்டுப் பொருளைத் தவிர வேறு எதற்கும் அவர் இடுவதில்லை.

அதனால் நானே கூப்பிட்டேன். "சாமி, நீங்க வந்து இட்டாதான் வண்டிய எடுப்பேன்." உனக்கு ஆட்சேபணை இல்லையே என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அவர் உள்ளே போன வேகத்தில் முழங்கால் வலிக்காரர் யாரும் போயிருக்க மாட்டார்கள். எங்கே இடுவது என்று வண்டியைச் சுற்றி வந்தார். ஹெட்லைட்டைப் பார்த்தார், மட்கார்டைப் பார்த்தார். கடைசியில் டாங்க் மூடியைத் தேர்ந்தெடுத்தார். வண்டிக்கு வயிறு அதுதானே, வயிற்றைக் காப்பாற்றினால் மற்றது தானாக நடக்கும் என்றார். உருண்டையான மூடி, நெற்றி மாதிரியே இருந்தது. இட்டு, பின்னால் தள்ளி நின்று பார்த்தார். இட்டாச்சு.

முதல் நாளே ரேணிகுண்டா தாண்டுவதற்குள் வண்டி நின்றது.

பழைய வண்டி நின்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகு எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். பிளக் என்றார்கள், காயில் என்றார்கள், பாயிண்ட் என்றார்கள், கார்புரேட்டரில் தூசி என்றார்கள். நான் வழியில் செய்தது எப்போதும் ஒரே வரிசைதான். முதலில் டாங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். மூடிவிட்டு, அன்றைக்கு யார் என்ன சொன்னார்களோ அதைச் செய்வேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தால் வண்டி கிளம்பும். ஆகா, பிளக்தான் என்று குழுவில் எழுதுவேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அடுத்த முறை காயில் ஒயரை அசைத்தாலும் கிளம்பும். அதற்கடுத்த முறை ஒன்றுமே செய்யாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுந்தாலும் கிளம்பும். சூடு ஆறினால் சரியாகிறது என்று அதையும் எழுதினேன். கொஞ்ச நாளில் குழுவில் என்னிடம் ஆலோசனை கேட்க ஆரம்பித்தார்கள். நானும் சொன்னேன்.

வண்டிக்குக் கிழமை தெரிந்திருந்தது. சனி, ஞாயிறு, திங்கள் நின்று நின்று போகும். புதன் வியாழன் குதிரை. இதற்கு நான் கண்டுபிடித்த காரணத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வார இறுதியில் யாத்ரீகர் கூட்டம், சாலை நெரிசல், மெதுவாகப் போவதால் இன்ஜின் சூடாகிறது என்று முடிவு கட்டினேன். மழை நாளில் வண்டி நிற்கவே நிற்காது. அதுவும் என் கொள்கையோடு பொருந்தியது, மழையில் இன்ஜின் குளிர்ந்துவிடுகிறது அல்லவா. எங்கள் பேட்டை மெக்கானிக்கிடம் காட்டப் போனது ஒரு வியாழக்கிழமை. ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏமி லேது அண்ணா, ஒண்ணுமில்ல, வண்டி சூப்பர். நீங்க ஓட்டறதுலதான் ஏதோ இருக்குது" என்றார். அவர் மேல் தப்பில்லை.

வண்டி நிற்க நிற்க, சாமிக்குக் கவலை ஏறியது. சனிக்கிழமை இடுகிற காப்பைக் கெட்டியாக்கினார். குரோமியத்தில் ஒட்டாமல் உதிர்கிறது என்று திருமண்ணோடு துளி வேப்பம்பிசினைக் குழைத்தார். அவர் கெட்டியாக்கக் கெட்டியாக்க வண்டி செவ்வாய், புதன் வரைக்கும் நிற்கத் தொடங்கியது. நான் இன்னொரு காயில் வாங்கிப் போட்டேன்.

ஒருநாள் புத்தூர் போகிற வழியில் நின்றபோது, கோபத்தில் ஓங்கி உதைத்தேன். கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் வீங்கிவிட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு யோகம், எலும்புக்குக் கட்டுப் போட ஊரெல்லாம் தேடி வருகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் என் வண்டி என்னை உதைத்தது. பச்சிலையும் முட்டையும் வைத்து மூங்கில் பத்தை கட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் சாமி முட்டை நாற்றத்துக்கு மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் அந்தக் கட்டின் மேலேயும் ஒரு சின்ன நாமம் இட்டார். கால் சொன்ன நாளுக்கு முன்பே குணமானது. "பாத்தியா? காலுக்கு ஆச்சு, வண்டிக்கும் ஆகும்" என்றார்.

என் மனைவிக்கு அத்தனை பொறுமை இல்லை. அவள் தம்பிக்கு நகரியில் கல்யாணம் வந்தது. முகூர்த்தத்துக்கு வண்டி நின்று நான் வராமல் போனால் அடுத்த நாளே அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னாள். சொன்னால் செய்வாள். அவள் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டாள். எனக்கு ரோஷம், வண்டியில்தான் வருவேன் என்றேன். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாமி வழக்கத்தைவிடக் கனமாக இட்டு அனுப்பினார்.

நாராயணவனம் திரும்புகிற இடத்தில் நின்றது. பட்டு வேட்டியில் கிரீஸ் ஆகக் கூடாதே என்று நான் பிளக்கைத் தொடவில்லை. மூடியை மட்டும் திறந்தேன். புஸ் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எப்போதும் வரும், அது பெட்ரோலின் சத்தம் என்று நினைத்திருந்தேன். மூடிவிட்டு உதைத்தால் கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. மறுபடி மூடியை மட்டும் திறந்து மூடினேன். மறுபடி கிளம்பியது. மூன்றாவது தடவை நின்றபோதுதான் மூடியை உற்றுப் பார்த்தேன். வெள்ளைப் பாதத்தின் நடுவில், ஸ்ரீசூர்ணம் தொடங்குகிற இடத்தில் ஒரு சிறு பள்ளம். நகத்தால் சுரண்டினேன். பொட்டு அளவுக்கு ஒரு துவாரம்.

பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமானால் மேலே காற்று உள்ளே போக வேண்டும். எண்ணெய் டின்னில் இரண்டாவது ஓட்டை போடுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சனிக்கிழமை அடைபட்டு, புதன் வியாழனில் வெடித்து உதிர்ந்து, மழையில் கரைந்து, மறுபடி சனிக்கிழமை அடைபட்ட துவாரம். நடுரோட்டில் பட்டு வேட்டியோடு நின்று சத்தமாகச் சிரித்தேன். ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

மண்டபத்துக்குள் தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாக நுழைந்தேன். மனைவியை ஒரு மூலைக்கு இழுத்துப் போய்ச் சொன்னேன். அவள் சிரிப்பாள், சாமியைக் கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவர்கிட்ட இன்னான்னு சொல்லுவீங்க?"

"இருக்கறதத்தான் சொல்லணும். இனிமே இடாதீங்கன்னு."

"புள்ள கார தொட வுடல. அவரு இட்டுக்கினு இருக்கறது இந்த ஒரு வண்டிக்குத்தான். அதையும் வாணாங்கறீங்களா?" தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். "குத்திக்கினு போங்க. இன்னா கெட்டுப்போச்சி."

ஆனாலும் நான் ஒருமுறை முயன்று பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை, சாமி, ஹெட்லைட் மேலே இட்டால் எதிரில் வருகிறவர்களுக்கும் தெரியுமே என்றேன். "இங்கே வேண்டாமா?" என்று கேட்டார். கேட்டபடியே திருமண் இருந்த உள்ளங்கையை மூடிக்கொண்டு குழாயடிப் பக்கம் திரும்பினார். இல்லை சாமி, சும்மா கேட்டேன், வயிற்றிலேயே இடுங்கள் என்று நானே மூடியைத் துடைத்துக் காட்டினேன்.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் தெருமுனை திரும்பியதும் வண்டியை நிறுத்துவேன். சட்டைப் பையிலிருந்து ஊக்கை எடுத்துப் பாதத்தின் நடுவில் ஒரு குத்து. நாமம் அழியாது, காற்று போகும். வண்டி நிற்பதே இல்லை. சாமிக்குத் தலைகால் புரியவில்லை. பிசின்தான் வேலை செய்தது என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டருக்கு இடச் சொல்லிக் கேட்க, என்னைப் பார்த்து, நம்ம வண்டியைப் பாத்துட்டுதான் கேக்கறான் என்று பெருமைப்பட்டார். அவர் "நம்ம வண்டி" என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அங்கே எனக்கென்று ஒரு மரியாதை ஏற்பட்டிருந்தது.

முழங்கால் மோசமாகி, மாடிக்கு இரண்டு படி ஏறவும் முடியாமல் போனபோது, மகன் பெங்களூருக்கு வரச் சொல்லிவிட்டார். ரயிலுக்கு ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். "நம்ம வண்டி இருக்கறச்சே ஆட்டோ எதுக்கு?" என்றார். அன்று சனிக்கிழமை இல்லை. ஆனாலும் புறப்படுவதற்கு முன் ஒருமுறை இட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்துப் பின்னால் உட்கார்ந்தார். அவர் எந்த ரயிலுக்கும் வெகுநேரம் முந்திப் போகிறவர், அது நல்லதாகப் போயிற்று. ஸ்டேஷன் கண்ணில் படுகிற தூரத்தில் வண்டி இருமி, குலுங்கி, நின்றது.

எனக்கு யோசனையே ஓடவில்லை. தெருமுனையில் குத்தாமல் வந்துவிட்டோமே என்றுதான் தோன்றியது. இறங்கினேன், சட்டைப் பையிலிருந்து ஊக்கை எடுத்தேன், பாதத்தின் நடுவில் குத்தினேன். குத்திய பிறகுதான் பக்கத்தில் சாமி நின்றுகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

"அது என்னப்பா?"

"காத்து போற தொள சாமி. அடைச்சிக்கினா பெட்ரோல் இறங்காது, வண்டி நின்னுடும்."

"எதால அடைச்சுக்கறது?"

அவர் குனிந்து மூடியைப் பார்த்தார். விரலால் துவாரத்தைத் தடவினார். விரல் நுனியில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா குத்திண்டிருக்கே?"

"மச்சான் கல்யாணத்துலேர்ந்து."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்குக் காரின் முன்னால் நின்ற முகம்தான் இருக்கும் என்று நினைத்தேன். அத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, ஊரைவிட்டே போகிற நேரத்தில் நானே போட்டு உடைத்துவிட்டேன். கை கழுவ அங்கே குழாய்கூட இல்லை. நான் வேகவேகமாகக் கிக்கரை உதைத்தேன். கிளம்பவில்லை. மறுபடி குத்தினேன், மறுபடி உதைத்தேன். நாமத்தின் ஓட்டை அகலமாகிக்கொண்டு போனதே தவிர வண்டி அசையவில்லை.

"ஏம்ப்பா, பெட்ரோல் இருக்கா?"

வண்டியைப் பிடித்து ஆட்டினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ரிசர்வில் ஓடிக்கொண்டிருந்ததை மறந்தே போயிருந்தேன். எத்தனையோ முறை பெட்ரோல் இருக்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்தவன், இல்லாத அன்றைக்கு ஊக்கால் குத்திக்கொண்டிருந்தேன். சாமி சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு கண்ணில் நீர் வர, வண்டி சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பையைச் சீட்டின் மேல் வைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் நடைக்கு நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"துணியால துடைச்சுட்டுப் போயிருக்கலாமே. தெருமுனை தாண்டினா நான் எங்கே பாக்கப் போறேன்?"

"மனசு வரல சாமி."

ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, கம்பி வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில் நகரும்வரை விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, பங்க் இருக்கிற இடம்வரை தள்ளிக்கொண்டு போனேன்.

அந்த வீட்டைப் பிறகு விற்றுவிட்டார்கள். நாங்களும் வேறு பேட்டைக்கு மாறிவிட்டோம். வண்டி இன்னும் இருக்கிறது. சாமி என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது, பெங்களூர் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை காலையில் அவர் செய்த போன்தான். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

முந்தின நாள் சாப்பிடும்போது நம் வண்டிக் கதையை மகனிடம் சொன்னாராம். மகன் சாதத்தில் கை வைத்தபடியே வெகுநேரம் சிரித்தாராம். காலையில் அவர் குளித்துவிட்டு வந்தபோது, மகன் கார் பக்கத்தில் நின்றுகொண்டு, வாங்கோப்பா என்று கூப்பிட்டாராம்.

"எங்கேயாவது துவாரம் இருக்காடான்னு மொதல்ல கேட்டேன். சுத்தி வந்து காட்டினான். ஒண்ணும் இல்லை. பானெட்லேயே இட்டேன். கையை வெக்கலை அவன்." ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். "இட்டாச்சு. இனிமே அவன் பாத்துப்பான்."

சந்தோஷம் சாமி என்றேன். நம் வண்டிக்கும் அங்கிருந்தே சொல்லிவையுங்கள் என்றேன்.

"சொல்றேன். ஆனா பெட்ரோல் நீதான் போட்டுக்கணும். அதை அவன் பாத்துக்க மாட்டான்."